பெட்டிக்குத் தெளித்த மஞ்சள் தண்ணீர்

புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, கதை வாசித்துக்கொண்டிருந்த பெண்குரல் பாதி வாக்கியத்தில் நின்றுபோனது. துறைமுகத்து ஊர் ஒன்றில் நடக்கும் நீண்ட கதை அது. வீட்டுக்காரி கடிதத்தைப் பிரிக்கப் போகிறாள். பிரித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. செல்லசாமி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பெட்டியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவி அமுக்கிப் பார்த்தார். மின்கம்பியை மாட்டிப் பார்த்தார். பெட்டி பேசவில்லை.

"ஜெயந்தினி" என்று மருமகளைக் கூப்பிட்டார். "இத யாரு தொட்டது?"

யாரும் தொடவில்லை என்றாள் அவள். அந்த வீட்டில் அவரையும் அவளையும் விட்டால் தொடுவதற்கு வேறு ஆளும் இல்லை. மகன் பிரதாப் கொழும்பில் கடை வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவான். ஆனாலும் செல்லசாமி இரண்டாம் முறையும் கேட்டார். கேட்டுவிட்டு, தொட்டவனின் பெயர் தனக்குத் தெரியும் என்பதுபோல் வாயை இறுக்கிக்கொண்டார்.

ராகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் அவர். அவருடைய தகப்பனார் பெரிய கங்காணி. கங்காணிமார் காலம் முடிந்து எத்தனையோ வருடமாகியும், அந்த வீட்டை இன்னும் பெரிய கங்காணி வீடு என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்கு ஒரு கீறல் விழாமல் காப்பாற்றுவதுதான் தன் வாழ்நாள் வேலை என்று செல்லசாமி நினைத்திருந்தார். ஆறு வருடத்துக்கு முன் கண் அழுத்த நோய் வந்து இரண்டு கண்ணும் அவிந்த பிறகும், முதுகை வளைக்காமல் நடப்பார். யாராவது கையைப் பிடிக்க வந்தால் தட்டிவிடுவார்.

அந்தப் பெட்டி நுவரெலியாவிலுள்ள பார்வையற்றோர் சங்கத்தின் சொத்து. புத்தகங்களை வாசித்துச் சொல்லும் கருவி. இரண்டு கைக்குள் அடங்கும். பெரிய பொத்தான்கள், முன்பக்கம் சத்தம் வரும் சின்னச் சின்ன ஓட்டைகள். இந்தப் பக்கத்துக்கே ஒன்றுதான் இருந்தது. மூன்று பேர் மும்மூன்று மாதம் முறை வைத்து எடுக்க வேண்டும். முதலில் பணியக்கணக்கில் இருக்கும் அழகுமுத்து, பிறகு செல்லசாமி, அப்புறம் வலப்பனையில் டோரீன் டீச்சர். சங்கத்துப் பெண் சுதர்ஷினி வந்து விதிகளை வாசித்துக் காட்டினாள். தண்ணீர் படக்கூடாது. அடுப்புப் புகையில் வைக்கக்கூடாது. ஈரக்கையால் தொடக்கூடாது. காய்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். இது ஒருத்தர் சாமான் இல்லை, அடுத்தவருக்கும் வேணும் என்று கடைசியில் சொன்னாள். அந்தக் கடைசி வரி செல்லசாமிக்குப் பிடிக்கவில்லை. தன் வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போகும் என்று இவள் எப்படி நினைக்கலாம் என்று தோன்றியது.

வரிசையும் அவருக்குப் பிடிக்கவில்லை. பணியக்கணக்கு என்பது தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. அங்கே கடைசி லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையில், இருப்பவர்கள் வேறு ஆட்கள். அந்த ஆட்கள் பெரிய கங்காணி வீட்டு வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவதுதான் வழக்கம். யாரும் சட்டம் போடவில்லை. அப்படியே இருந்து வந்தது. அந்த லயத்து அழகுமுத்து முதலில், தான் இரண்டாவது. சுதர்ஷினியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். அவள் பெயர் பதிந்த வரிசை என்று சொல்லிவிட்டாள்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழகுமுத்து பெட்டியைக் கொண்டுவந்தான். சீனி வியாதியில் கண் போனவன், அறுபது வயதிருக்கும். மகள் சுலக்ஷனா கையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். பெட்டிக்கு அவன் உறை தைத்திருந்தான். கிழிந்த மழைக்கோட்டுத் துணியில் வெளிப்பக்கம், பழைய பருத்திச் சேலையில் உள்பக்கம், பொத்தான்கள் வரும் இடத்தில் மட்டும் அளவாக வெட்டி, ஓரம் அடித்து, சத்தம் வரும் ஓட்டைகளுக்கு மேலே ஒரு மடிப்புக் கதவு. கேட்கும்போது கதவைத் தூக்கிவிட வேண்டும், முடிந்ததும் சாத்திவிட வேண்டும். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடக்கும் சின்னச் சின்ன உப்புப் பொட்டலங்களை எங்கெங்கோ கேட்டு வாங்கி, நாலை உள்ளே போட்டிருந்தான். பனி ஈரத்தை அது இழுத்துக்கொள்ளுமாம்.

"மாசத்துக்கு ஒரு தடவ அந்தப் பொட்டலத்த வெயில்ல காய வைக்கணுங்கய்யா" என்றான் அழகுமுத்து. "ஓட்டையில தூசி அடைஞ்சா ஊதப்படாது. வாயில இருக்க ஈரம் உள்ள போயிரும். கோழி இறகால இப்படி இலேசா..."

செல்லசாமி முன் தாழ்வாரமான இஸ்தோப்பில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, சரி சரி, எனக்குத் தெரியும் என்றார். பெட்டியை ஜெயந்தினி வாங்கி வைத்தாள். அவர்கள் இருவரும் படியிறங்கிப் போகும் சத்தம் ஓயும்வரை அவர் அசையவில்லை. பிறகு உறையைக் கழற்றி அடுப்பில் போடச் சொன்னார்.

நல்லாத்தானே இருக்கு மாமா என்றாள் அவள். போடு என்றார். மழைக்கோட்டுத் துணி கருகும் நாற்றம் இஸ்தோப்பு வரைக்கும் வந்தது. அதற்குப் பிறகு ஒரு செம்பில் மஞ்சள் கரைத்துக் கொண்டுவரச் சொன்னார்.

"தண்ணி படக்கூடாதுன்னு சொன்னாங்களே மாமா."

"தண்ணியில முக்கவா போறேன்? குடு."

அவருடைய கணக்கில் மஞ்சள் தண்ணீர் தண்ணீரோடு சேர்ந்ததில்லை. குழந்தை பிறந்த வீட்டுக்கும், எழவு வீட்டுக்குப் போய்வந்த உடம்புக்கும், வெளியிலிருந்து வந்த பாத்திரத்துக்கும் அவர் தகப்பனார் தெளித்தது அதைத்தான். அது எதையும் நனைப்பதற்கில்லை, தீட்டைக் கழிப்பதற்கு. விரலை நனைத்து மூன்று தரம் பெட்டியின்மேல் தெளித்தார். கண் தெரியாததால் முகப்பு எது முதுகு எது என்று தடவிப் பார்த்து, முகப்பில் இன்னொரு தரம் தாராளமாகவே தெளித்தார். சுதர்ஷினி சொன்ன விதியை மீறக்கூடாது என்று, காய்ந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தார். தன் கல்யாணத்துப் பட்டு வேட்டியில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி வைத்தார். அன்றிலிருந்து மருமகளைக்கூடத் தொடவிடவில்லை. கொழுந்து மலையிலிருந்து கதை கேட்க வந்த பழைய ஆட்களைக் கையைக் கழுவி வரச் சொன்னார். கழுவி வந்தவர்களிடம் ஈரக்கை என்று சொல்லி எட்டி உட்கார வைத்தார்.

இரண்டாவது கிழமையிலேயே குரலில் ஒரு கரகரப்பு விழுந்தது. அங்கேயிருந்து வந்த அழுக்கு என்று நினைத்துக்கொண்டார். ஐந்தாவது கிழமையில், ஒரு மாதம் கடந்ததும், குரல் நின்றேபோனது.

அந்தப் புதன்கிழமையே சுதர்ஷினிக்குத் தொலைபேசியில் சொன்னார். சொல்லும்போது குரலில் ஒரு பிசிறும் இல்லை. வரும்போதே கெட்டுத்தான் வந்தது, லயத்துக் காம்பராவில் அடுப்பும் படுக்கையும் ஒரே இடம், புகையும் கரியும் போயிருக்கும், அவர்களுக்கு இப்படிச் சாமானை வைத்துப் பழக்கமில்லை என்றார். சுதர்ஷினி மறுபடியும் ஒருமுறை கேட்டுக்கொண்டாள். அப்படியானால் அழகுமுத்துவின் பெயரை வரிசையிலிருந்து எடுக்க வேண்டி வரும், சங்கத்துக்கு எழுத வேண்டும், எதற்கும் ஆளைக் கொண்டுவந்து திறந்து பார்த்துவிட்டுச் செய்கிறேன் என்றாள். நியாயம்தானே என்றார் செல்லசாமி.

சனிக்கிழமை பின்னேரம் சனசமூக நிலையத்தில் எல்லோரும் கூடினார்கள். ராகலையில் போன் திருத்தும் சின்னராசாவைச் சுதர்ஷினி கூட்டிவந்திருந்தாள். அழகுமுத்து மகளோடு வந்து சுவரோரம் நின்றான். செல்லசாமிக்கு ஜெயந்தினி கதிரை இழுத்துப் போட்டாள். பட்டுத் துண்டை அவிழ்க்கும் சத்தம் கேட்டதும் அழகுமுத்து கேட்டான்.

"உறை எங்கங்கய்யா?"

"பழசாப் போச்சு."

சின்னராசா ஆணிகளைக் கழற்றி மேசையில் ஒவ்வொன்றாக வைத்தான். மூடி கழன்றது. அவன் ஒரு சீழ்க்கை அடித்தான்.

"என்னாங்க இது, பெட்டி வயசுக்கு வந்திருச்சா?" என்றான். "உள்ளுக்குப் பூரா மஞ்சத் தண்ணி ஊத்தி வச்சிருக்கீங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. சின்னராசா விளையாட்டை விட்டுவிட்டு விளக்கினான். ஓட்டைகளுக்குக் கீழே இருக்கும் தாள் மஞ்சளாகி உப்பிப் போயிருக்கிறது. கம்பி தொடும் இடங்கள் பச்சையாகப் பூத்திருக்கின்றன. புகையோ கரியோ ஒரு பொட்டும் இல்லை. இது மேலேயிருந்து தெளித்த தண்ணீர். போன மாதம் தெளித்ததாக இருக்கும் என்றான்.

செல்லசாமி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையைத் தகப்பனார் பெயர் வந்து மறித்துக்கொண்டு நின்றது. தெளித்தது யார் என்று சுதர்ஷினி கேட்டாள். அந்த நேரத்தில் அவருக்குப் பின்னாலிருந்து ஜெயந்தினியின் குரல் கேட்டது.

"நான்தாங்க மிஸ். தெரியாம செஞ்சிட்டேன்."

சுதர்ஷினி அவளைத் திட்டினாள். படித்த பிள்ளை, பிள்ளைக்காம்பரா டீச்சராக அத்தனை குழந்தைகளைப் பார்க்கிறவள், தண்ணீர் படக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியும் இப்படிச் செய்யலாமா என்றாள். ஜெயந்தினி குனிந்து பட்டுத் துண்டை மடித்தாள். செல்லசாமி வாயைத் திறக்கவில்லை.

சுவரோரத்திலிருந்து அழகுமுத்து மெதுவாக ஜெயந்தினியைக் கேட்டான். "பெட்டிக்குத் தெளிச்சீங்களா டீச்சர், எங்க கைக்குத் தெளிச்சீங்களா?"

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் செல்லசாமிக்கு இலேசாக இருந்திருக்கும். சந்தைக்குப் போகும் வழியைக் கேட்பதுபோல் கேட்டான். பதில் வராததால் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சின்னராசா பெட்டியின் துண்டுகளை ஒரு பையில் அள்ளிக்கொண்டான். டோரீன் டீச்சருக்கு என்ன பதில் சொல்வது என்று சுதர்ஷினி தனக்குள் பேசிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனாள்.

வீட்டுக்கு வரும் ஏற்றத்தில் மாமன் தடியோடு முன்னே நடந்தார், மருமகள் பின்னே வந்தாள். வந்து உட்கார்ந்த பிறகு அவர் கேட்டார்.

"நீ ஏன் அப்படிச் சொன்ன?"

"பின்ன என்னாங்க மாமா சொல்றது?" என்றாள் ஜெயந்தினி. "நீங்கன்னு தெரிஞ்சா பெரிய கங்காணி வீட்டப் பத்தி காலத்துக்கும் பேசுவாங்க. நான் மடச்சின்னா நாலு நாள் பேசிட்டு விட்ருவாங்க."

அவர் தலையாட்டினார். அதை நினைத்துத்தான் பிறகு அவருக்கு அதிகம் வெட்கமாக இருந்தது. அந்த நிமிடத்தில் அவருக்கு வந்தது வெட்கமில்லை, நிம்மதி. பெண்பிள்ளை வீட்டு மானத்தைக் காப்பாற்றிவிட்டாள், நல்ல இடத்திலிருந்துதான் பெண் எடுத்திருக்கிறோம் என்றுகூட நினைத்தார். இராச்சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டார்.

பிள்ளைக்காம்பரா அவர் வீட்டுக்கு அடுத்த வளவு. நடுவில் ஒரு வேலிதான். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விடியற்காலையில் குழந்தைகளைக் கொண்டுவந்து ஜெயந்தினியிடம் விட்டுவிட்டு, பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போவார்கள். பெட்டி வந்ததிலிருந்து அந்த நேரத்தில் அவர் கதைதான் கேட்டுக்கொண்டிருப்பார். திங்கட்கிழமை பெட்டி இல்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்தவரின் காது தானாக வேலிக்கு அந்தப் பக்கம் போனது.

சுலக்ஷனாவின் குரலை அவர் கண்டுகொண்டார். ஒரு வயதுக் கைக்குழந்தை அவளுக்கு.

"டீச்சர், இந்தாங்க துண்டு. புள்ளய இதுல சுத்தித் தூக்குங்க. உங்க கையில எங்க ஊத்த ஒட்டாது."

"அப்படி இல்ல சுலக்ஷனா" என்றாள் ஜெயந்தினி.

"எப்படியோ. மஞ்ச விக்கிற வெலையில தெனம் கழுவி முடியுமாங்க உங்களுக்கு?"

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டாளா என்று செல்லசாமிக்குத் தெரியவில்லை. குழந்தை அழுதது, அழுகை மெல்ல உள்ளே போனது.

செவ்வாய்க்கிழமை இரண்டு துண்டுகள் வந்தன. ஒருத்தி, தன் பிள்ளைக்குக் கொடுக்கும் பால் கோப்பையை வேறாக வைக்கத் தேவையில்லை, தானே ஒரு கோப்பை கொண்டுவந்திருப்பதாகச் சொன்னாள். புதன்கிழமை குழந்தைகளின் சத்தமே குறைந்துவிட்டது. பணியக்கணக்குத் தாய்மார் பிள்ளைகளை வீட்டிலிருக்கும் கிழவிகளிடம் விட்டுவிட்டு வந்தார்கள். சுலக்ஷனாவுக்கு அப்படி விட ஆளில்லை. அவள் மட்டும் துண்டோடு வந்தாள்.

மத்தியானம் சோறு போடும்போது, பிள்ளைகள் குறைவாமே என்று அவர் கேட்டார்.

"மழைங்க மாமா. எல்லாத்துக்கும் சளி" என்றாள்.

ஏழு வருடமாக அந்தப் பிள்ளைகளுக்கு மூக்கைச் சிந்திவிடுகிறவள் அவள். வாந்தியைத் துடைக்கிறவள். ஒரு காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்தபடியே சாப்பிட்டாள் என்று தோட்டமே சொன்னது. அப்போது செல்லசாமிதான், வீட்டுக்குள் வரும்போது குளித்துவிட்டு வா என்று அவளிடம் கண்டித்துச் சொன்னார். அவள் குளித்தது அவருக்காக. இன்றைக்கு அந்தக் கையைத்தான் துண்டால் மறைக்கிறார்கள். அழகுமுத்துமேல் பழியைப் போட்டார். அது அவன்மேல் நிற்கவில்லை. மருமகள் மேல் ஏறியது. அதை அவர் இறக்கிவைக்கவில்லை. சாப்பிட்டது போதும் என்று எழுந்து கைகழுவப் போனவர், கையில் ஒன்றுமில்லாதபோதும் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

முதலில் அழகுமுத்துவின் லயத்துக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். இரண்டு பேருக்குள் முடிந்துவிடும்; மற்றவர்கள் எப்படியோ தெரிந்துகொள்ளட்டும். அப்படி நினைத்ததுமே, இதிலும் தான் குறைந்த சேதத்தைத்தான் தேடுவதாக அவருக்குப் பட்டது. துண்டு கொண்டுவருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே இடத்தில் கேட்க வேண்டும். அப்படி ஒரு இடம்தான் தோட்டத்தில் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை, ஜெயந்தினி பிள்ளைக்காம்பராவைத் திறக்கப் போன பிறகு, கோட்டைப் போட்டுக்கொண்டு தடியை எடுத்தார். பெரட்டுக்களத்துக்குப் போகும் பாதை காலுக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் அங்கேதான் விடியற்காலையில் நின்று ஆட்களின் பேரைக் கூப்பிட்டு மலைக்குப் பிரித்து அனுப்பினார். மழை தூறிக்கொண்டிருந்தது. கூட்டத்தின் சத்தம் கேட்டது. அவரைக் கண்டதும் சத்தம் தணிந்தது. இப்போதைய கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி ஓடிவந்து, வாங்கய்யா, இந்த மழையில ஏங்க, சொல்லியனுப்பியிருந்தா நான் வந்திருப்பேனே என்றான். உட்கார ஏதாவது கொண்டுவரச் சொன்னான். வேண்டாம் என்றார். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எல்லோரும் இருக்கிறார்களா, பணியக்கணக்கு ஆட்களும் இருக்கிறார்களா என்று கேட்டார். இருப்பதாகச் சொன்னான் கணேசமூர்த்தி. பெரிய மனிதர் ஏதோ நல்ல செய்தி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பான். கையைத் தட்டிக் கூட்டத்தை அமைதியாக்கினான்.

இரவெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் சரியாகத்தான் வந்தன.

"அழகுமுத்து வீட்டுல இருந்து வந்த பெட்டிக்கு மஞ்சத் தண்ணி தெளிச்சது நான். என் மருமக இல்ல. அவ வேணாம்னுதான் சொன்னா. அழகுமுத்து தைச்ச உறைய அடுப்புல போடச் சொன்னதும் நான். பெட்டி என்னாலதான் கெட்டுச்சு. அவன் கெடுத்தான்னு பொய் சொன்னேன். அந்தப் புள்ள எனக்காகப் பழிய ஏத்துக்கிச்சு. நான் பேசாம இருந்துட்டேன்."

முடிந்தது, இனித் திரும்பிப் போகலாம் என்று தடியை மாற்றிப் பிடித்தார்.

"எதுக்குங்க தெளிச்சீங்க?"

சுலக்ஷனாவின் குரல். கூட்டத்தின் நடுவிலிருந்து வந்தது. கணேசமூர்த்தி, ஏய் புள்ள, வாய மூடு என்று அதட்டினான்.

"அது கேக்கட்டும்" என்றார் செல்லசாமி.

யார் தெளித்தது, எதில் தெளித்தது, யார்மேல் பழி போட்டது, எல்லாவற்றையும் அடுக்கியவர், இதை மட்டும் அடுக்கவில்லை. இதைக் கேட்காமலே எல்லோருக்கும் தெரியும் என்று விட்டிருந்தார். தெரியும்தான். அவர் வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் கேட்கிறாள். துடைக்கத்தான் என்று சொல்லலாம். பூச்சி வராமலிருக்க என்று சொல்லலாம். மஞ்சளுக்கு அந்தக் குணம் உண்டு. ஒரு கணம் அந்தச் சாக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"உங்க அப்பா தொட்டதுன்னு தெளிச்சேன்" என்றார்.

குரல் அவருக்கே கேட்கவில்லை.

"கேக்கலைங்க" என்றாள் அவள்.

கணேசமூர்த்தி அவர் கையைப் பிடித்து, போதும் வாங்கய்யா, வீட்டுக்குப் போவோம் என்று மெதுவாக இழுத்தான். செல்லசாமி கையை விடுவித்துக்கொண்டார். பின்வரிசையில் நிற்கிறவர்களுக்கும் பேர் கேட்கும்படி ஒரு காலத்தில் கூப்பிட்ட குரலை, எங்கிருந்தோ தேடி எடுத்தார்.

"உங்க அப்பா தொட்டதுன்னு தெளிச்சேன்."

யாரும் திட்டவில்லை. போங்க என்றோ இருங்க என்றோ யாரும் சொல்லாததால், அவர் அங்கேயே நின்றார். சற்றுப் பொறுத்துக் கணேசமூர்த்தி தொண்டையைச் செருமிவிட்டுப் பேர் கூப்பிட ஆரம்பித்தான். சுலக்ஷனாவின் முறை வந்தபோது, "இருக்கேங்க" என்றாள். கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு அவரைத் தாண்டி மலைக்குப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். கடைசிக் காலடிச் சத்தமும் ஓய்ந்து, களத்தில் மழை மட்டும் இருக்கும்வரை செல்லசாமி நின்றுகொண்டிருந்தார்.